இடது காலுக்குச் சிவப்பு

இரண்டு ஆண்டுகள் நான் மனிதர்களின் கால்களை அளந்துகொண்டிருந்தேன். நீள அகலத்தை அல்ல, ஒருவருக்கு எந்தக் கால் முந்திக்கொள்கிறது என்பதை. கமுதிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மிளகாய் வற்றலை மூட்டை பிடித்துக்கொண்டிருந்த அய்யா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, செருப்புக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதா என்றார். உளவியலில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வு என்றேன். இடதா வலதா என்று பார்ப்பதற்கு ஒரு பட்டமா என்று அம்மா கேட்டாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி எனக்கு மெய்யாகவே பிடித்திருந்தது. மூளையின் இரண்டு பக்கமும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. எழுதும் கை, உதைக்கும் கால், ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும் கண், போனை ஒட்டிவைக்கும் காது என்று உடம்பு தனக்கொரு பக்கத்தை வைத்துக்கொள்வது அந்தப் பங்கீட்டின் வெளி அடையாளம். மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் இந்தப் பங்கீடு சற்றுக் கலைந்திருக்கிறது, இடமும் வலமும் கலந்து வருகின்றன என்று சிலர் எழுதியிருந்தார்கள். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்று வேறு சிலர் எழுதியிருந்தார்கள். யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு அரிப்பு. கையை வைத்துப் பார்ப்பதில் சிக்கல் இருந்தது. இடது கையால் சோற்றைத் தொட்ட பிள்ளைக்கு நம் ஊரில் அப்போதே ஒரு தட்டு விழும். காலை யாரும் திருத்துவதில்லை, ஆகவே காலைத்தான் நம்ப வேண்டும் என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். நானும் தலையாட்டினேன்.

பாம்பன் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் ஒரு மாதா கோயில். அதை ஒட்டிய கூடத்தில் மாதம் ஒருமுறை மனநல முகாம் நடக்கும். மருத்துவர் முன்பக்கம் மேசை போட்டு உட்கார்ந்து மாத்திரை எழுதுவார். பின்பக்கம், ஜன்னலோரம், என் ராஜ்ஜியம். ஒரு பந்து, ஒரு முக்காலி, ஒரு தட்டு நிறைய மணல், கொஞ்சம் சோழிகள், சுருட்டிய காகிதக் குழல் ஒன்று. பந்தை உதைக்க வேண்டும். சோழியைக் கால்விரலால் கவ்விக் கிண்ணத்தில் போட வேண்டும். மணலைக் காலால் சமப்படுத்த வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். தரையில் ஒரு கரப்பான் இருப்பதாக நினைத்துக்கொண்டு மிதிக்க வேண்டும். குழல் வழியே ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். நோயாளிகளையும் அளப்பேன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையும் அளப்பேன்.

முதல் மாதமே முக்காலி என்னைக் கவிழ்த்தது. அதன் மேல் ஏறச் சொன்னால் எல்லோரும் வலது காலைத்தான் வைத்தார்கள். நோயாளி, அண்ணன், தம்பி, தங்கை, ஒருவர் பாக்கியில்லை. இப்படியொரு சுத்தமான முடிவு ஆராய்ச்சியில் வராது என்று சந்தோஷப்படக்கூடத் தொடங்கினேன். அப்புறம்தான் ஒரு தாய் தன் மகன் இடது காலைத் தூக்கியதும் "ஏலே, வலது கால வையி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது காதில் விழுந்தது. புது வீட்டுக்குள், புதுப் படகுக்குள், மணப்பெண்ணாக வாசலுக்குள், எங்கே ஏறினாலும் வலது காலை வைக்கப் பழகிய சனம். காலை யாரும் திருத்துவதில்லை என்று சொன்ன பேராசிரியர் எந்த ஊரில் வளர்ந்தார் என்று தெரியவில்லை. முக்காலியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். உட்காருவதற்கு ஆயிற்று.

கரப்பானை மிதிக்கச் சொன்னபோது ஒருவர் மறுத்துவிட்டார். அது பாட்டுக்குப் போகட்டும் என்றார். இல்லாத கரப்பான்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இல்லாததை ஏன் கொல்ல வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். ஆளுக்கொன்றாக நான் நிரப்பும் சீட்டில் அவருக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அங்கே வந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு மீனவர். பத்து வருடத்துக்கு மேலாகக் கடலுக்குப் போவதில்லை. மாத்திரையால் குரல்கள் அடங்கியிருந்தன, முழுக்கப் போகவில்லை. மாதாமாதம் அவரைக் கூட்டிவருவது அவருடைய தங்கை. அவளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு இருக்கலாம். கடலில் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் பெண்களோடு வேலைக்குப் போகிறவள். கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து முடிந்து அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து ஊறியிருக்கும். அண்ணன் பேச, இவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பந்தைக் காலடியில் வைத்ததும் அவர் என்னிடம் கேட்டார்.

"எந்தக் காலுன்னு நான் பாக்கணுமா, நீங்க பாப்பீகளா?"

நான்தான் பார்ப்பேன் என்றேன்.

"அப்பச் சரி. நான் பாத்தா மாறிரும்."

என் ஆய்வு முறையைப் பற்றி இத்தனை தெளிவாக அதுவரை யாரும் பேசியதில்லை. இடது காலால் உதைத்தார். சோழியையும் இடது காலால் எடுத்தார். படகில் எந்தக் காலை ஊன்றி நிற்பீர்கள் என்று ஆவலில் பட்டியலுக்கு வெளியே ஒரு கேள்வி கேட்டேன். கடல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்க்கால்தான் கால், அதை நாம் முடிவு பண்ண முடியாது என்றார். போனை எந்தக் காதில் வைப்பீர்கள் என்றதற்கு வலது என்றார். காரணத்தையும் அவரே சொன்னார். இடது காதில் அவர்கள் பேசுவார்கள், போனையும் அங்கேயே வைத்தால் இரண்டும் குழம்பிப்போகும். சீட்டில் 'வலது' என்று டிக் அடிக்க ஒரு கட்டம் இருந்தது. இதை எழுத இடமில்லை.

அடுத்துத் தங்கையை அளந்தேன். சேலையை லேசாகத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, எல்லாவற்றையும் இடது காலாலேயே செய்தாள். பந்து ஜன்னல் கம்பியில் பட்டுத் திரும்பி வந்தது. அண்ணன் சிரித்தார், அவளும் சிரித்தாள். வலது என்றால் நீல மையில் ஒரு டிக் போடுவேன், இடது என்றால் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவேன். பிற்பாடு எண்ணுவதற்குச் சுலபம். இருவர் சீட்டையும் ஒரே கிளிப்பில் மாட்டினேன், ஒரே குடும்பம் என்பதால். மேசையில் அவை பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அண்ணனோடு அவர்களுடைய அம்மா வரத் தொடங்கினார். மகளுக்குப் பாசி வேலை அதிகம் என்று முதலில் சொன்னார். அப்புறம் ஒரு மாதம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார். தொண்டியிலிருந்து நல்ல வரன் வந்ததாம், பையன் குளிர்பதனக் கிடங்கில் வேலை, எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. மகள் முடியாது என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. அதற்கு முன்பு வந்ததையும் அப்படித்தான் தட்டினாள். அதைவிட அவரைப் பயமுறுத்தியது வேறு. விடிந்ததும் மகள் தனியாகக் கரைக்குப் போகிறாள். தேங்காய் மட்டை ஒன்றை மணலில் போட்டு உதைக்கிறாள், எடுத்துவந்து மறுபடி உதைக்கிறாள். வாய்க்குள் என்னவோ எண்ணுகிறாள்.

"மூத்தவனுக்கும் இப்படித்தேன் ஆரம்பிச்சுச்சு" என்றார். "தனியாப் போவான். தனியாப் பேசுவான். இவளுக்கும் வந்துருச்சாம்மா?"

இந்த நோய் தலைகாட்டுகிற வயதுதான் அவளுக்கு. தனிமை, காரணமில்லாத மறுப்பு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, வாய்க்குள் முணுமுணுப்பு. பாடப்புத்தகம் என் மண்டைக்குள் தானாகப் புரண்டது. அடுத்த முகாமுக்கு எப்படியாவது கூட்டிவாருங்கள், மருத்துவர் பார்க்கட்டும் என்றேன். அந்த அம்மாவின் முகம் அங்கேயே விழுந்துவிட்டது. நானே உறுதி செய்ததுபோல ஆகிவிட்டது என்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மாதம் மூவரும் வந்தார்கள். அவள் இளைத்திருந்தாள். மருத்துவரிடம் வரிசை நீளமாக இருந்தது. அதற்குள் என் வேலை ஒன்று பாக்கியிருந்தது. அளவை நம்பத்தக்கதா என்று பார்க்கச் சிலரை ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை அளக்க வேண்டும். அந்தப் பட்டியலில் அவளும் இருந்தாள். சும்மா இருக்கும் நேரத்தில் முடித்துவிடலாம் என்று ஜன்னலோரம் கூட்டிப்போனேன்.

வலது காலால் உதைத்தாள்.

தற்செயல் என்று நினைத்தேன். சோழியை வலது காலால் கவ்வினாள். கவ்வ முடியாமல் இரண்டு தரம் நழுவவிட்டு, மூன்றாம் தரம் எடுத்தாள். மணலை வலது காலால் சமப்படுத்தினாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது இடதைத் தூக்கி வலதில் நின்று லேசாக ஆடினாள். பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். வரிசையாகச் சிவப்பு வட்டங்கள். புதுச் சீட்டில் ஒரே ஒரு வட்டம்கூட இல்லை. இடது காலில் முள், சிப்பி ஏதாவது வெட்டிவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். பாதத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். காயம் இல்லை.

இந்த இடத்தில் என் மனம் போன போக்கை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். நோய் தொடங்கும்போது உடம்பு பக்கம் மாறுகிறதா? அப்படியானால் நோய்க்கு முன்னும் பின்னும் அளந்து கண்ணாரப் பார்த்த ஆள் நான் ஒருத்திதானா? உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. பேராசிரியருக்கு எப்படி எழுதுவது என்று முதல் வாக்கியத்தைக்கூட யோசித்துவிட்டேன். எதிரே ஒரு பெண் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் அவளுடைய நோயில் எனக்கொரு கட்டுரை பார்க்கிறேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

முக்காலியில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்த அண்ணன்தான் என்னை நிறுத்தினார். மாத்திரையினால் அவருக்குக் கால்கள் ஓயாது.

"அவ பழகுறா, மேடம்" என்றார்.

என்ன பழகுகிறாள் என்று கேட்டேன்.

"வலது கால. காலம்பர எந்திரிச்சுக் கரையில மட்டைய ஒதைச்சுப் பழகுறா. நூறு வரைக்கும் எண்ணுவா. நான் பாத்துருக்கேன்."

அவள் அண்ணனை முறைத்தாள். அவர் நிறுத்தவில்லை. நீங்கதான் சிவப்பாச் சுழிச்சீகளே என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே மேசையில் கிடந்த சீட்டைத் தொட்டுக் காட்டினார். ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் சீட்டு கொடுக்கும்போது, எதில் கோளாறு இருக்கிறதோ அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத்தான் கொடுப்பார்கள். சர்க்கரை கூடியிருந்தாலும் சிவப்பு வட்டம், ரத்தம் குறைந்திருந்தாலும் சிவப்பு வட்டம். அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு சீட்டு பாலித்தீன் பையில் இருக்கும். என் வீட்டிலும் அய்யாவுடையது இருக்கிறது. அண்ணன் சீட்டில் சிவப்பு, தன் சீட்டிலும் சிவப்பு, இரண்டும் ஒரே கிளிப்பில். எழுதியவளோ ஆஸ்பத்திரிக்காரி. தங்கை அதை வேறு எப்படிப் படித்திருப்பாள்?

காது இரண்டும் சூடாகிவிட்டன எனக்கு. எண்ணுவதற்குச் சுலபம் என்றுதானே போட்டேன் என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கூடத்தின் பின்பக்கம் வலைகள் காயும் மணல்வெளி. மருத்துவரிடம் அவள் போக வேண்டியதில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு சிவப்பு மை எதற்கு என்று சொன்னேன். நல்ல உடம்போடு இருக்கிற எத்தனையோ பேருக்கு இடது கால்தான் முந்தும் என்று சொன்னேன். கூட்டமாக அளந்தால் ஏதாவது தெரியுமா என்றுதான் பார்க்கிறோம், ஒரு ஆளின் காலைப் பார்த்து அந்த ஆளுக்கு எதையும் சொல்ல முடியாது என்றேன். மூச்சுவிடாமல் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஒண்ணும் தெரியாதுன்னா எதுக்கு அளக்குறீக?"

"தெரியாததுனாலதான்" என்றேன். எனக்கே அது போதாத பதிலாகப் பட்டது.

தொண்டிப் பையனை ஏன் வேண்டாம் என்றாள் என்பதை நான் கேட்காமலே சொன்னாள். கட்டிக்கொண்டு போன இடத்தில் அண்ணனுடைய நோய் வந்துவிட்டால், அவர்கள் இவளைத் திருப்பி அனுப்பினால், அம்மா இரண்டு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதற்குள் காலை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். ஆறு மாதம். அப்புறம் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கும் வருமாக்கா?"

வராது என்று சொல்ல வாய் துடித்தது. அவளுக்கு வேண்டியதும் அந்த ஒரு சொல்தான். ஆனால் ஏற்கெனவே என்னால் ஒரு பொய்யை அவள் ஆறு மாதம் சுமந்துவிட்டாள்.

"வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. அண்ணனுக்கு இருந்தா, கூடப்பிறந்தவுகளுக்கு மத்தவுகளவிடக் கொஞ்சம் கூடுதலா வரலாம். ஆனா கூடப்பிறந்தவுகள்ல முக்கால்வாசிக்கும் மேல வர்றதே இல்ல. காலுக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாத. கால மாத்துனா அது நிக்காது, மாத்தலைங்கிறதுக்காக வரவும் செய்யாது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. காலை மாற்றினால் நிற்காதா என்று மெதுவாக ஒருமுறை கேட்டுக்கொண்டாள். பயத்தோடு சேர்த்து, அதற்கு அவள் கண்டுபிடித்து வைத்திருந்த மருந்தையும் நான் பிடுங்கிவிட்டேன் என்று அப்போது புரிந்தது. அந்த இடத்தில் எனக்கு அறிவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இதை அன்றைக்கே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை கஷ்டம் உண்டா, சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேனே என்று சொல்லிவிட்டேன்.

"கேட்டீக" என்றாள். "பேனாவ நீட்டிக்கிட்டே கேட்டீக."

அதில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மன்னிச்சுக்க என்றேன். சரிக்கா என்றாள்.

அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். மகளுக்கு ஒன்றுமில்லை, பயந்திருக்கிறாள், பயமுறுத்தியது நான்தான் என்றேன். சிவப்பு மையையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு, முக்காலியிலிருந்து மகனை எழுப்பிவிட்டு, என்னைத் தாண்டிப் போனார். மகளின் முதுகில் கையை வைத்து நடத்திக்கொண்டு போனார். அதற்குப் பிறகு முகாமில் அவர் என்னோடு பேசியதில்லை. அண்ணன் மட்டும் வழக்கம்போல ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து போவார்.

அன்றைக்கு அவர்களுக்குப் பின்னாலேயே நானும் சாலைவரை நடந்தேன். ராமேஸ்வரத்திலிருந்து வந்த பேருந்து கூட்டமாக நின்றது. அம்மா ஏறினார், அண்ணன் ஏறினார். அவள் படிக்கட்டின் முன்னால் ஒரு நொடி தயங்கினாள், கைப்பிடியைப் பிடித்தபடி, கீழே குனிந்து. எந்தக் காலை வைக்கப்போகிறாள் என்று என் கண் தானாக அங்கே போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேருந்து கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.